ஹெபடைடிஸ் ஏ பரவுறப்போ பெரியவங்களுக்கு எந்த ஊசி, எத்தன டோஸ், எங்க வச்சு போடுறது?

ஹெபடைடிஸ் ஏ-ங்கறது ஈரலைத் தாக்கற ஒரு வைரஸ் நோய், நோயாளியோட மலத்துலருந்து கை, சாப்பாடு, தண்ணி வழியா அடுத்தவங்க வாய்க்குப் போயி பரவும். ஒரு இடத்துல அது பரவ ஆரம்பிச்சிடுச்சு, கையில இருக்கறது கொஞ்சம் தடுப்பூசி, கொஞ்சம் நர்ஸுங்க, அதுக்குள்ள யாருக்குப் போடுறது, ஒரு டோஸா ரெண்டு டோஸா, ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டா இல்ல நேரா போட்டுடலாமா, கிளினிக்குக்கு வரச் சொல்றதா இல்ல நாமளே தேடிப் போறதான்னு ஒண்ணு மேல ஒண்ணா கேள்வி வரும். எல்லாத்துக்கும் ரெண்டு மூணு வழி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் வாதாட ஆளும் இருக்காங்க. என் கட்சி எதுன்னு இப்பவே சொல்லிடறேன், அவுட்பிரேக் நேரத்துல, அதாவது நோய் திடீர்னு பரவற நேரத்துல, ஆள் எங்க இருக்காரோ அங்கயே போயி மொத டோஸ போட்டுட்டு வர்றதுதான் வேலை, மத்த முடிவெல்லாம் அதுக்கு எது தோதுப்படுதோ அந்தப் பக்கம் சாயணும்.

பெரியவங்கள ஏன் தனியா பேசணும்னா, இந்த வைரஸ் சின்னப் பசங்கள புடிச்சா பெரும்பாலும் தெரியாமயே போயிடும், 6 வயசுக்குக் கீழ உள்ளவங்கள்ல பத்துல ஏழு பேருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. பெரியவங்களுக்கு நேர் எதிர், பத்துல ஏழு பேருக்கு மேல மஞ்சக்காமாலை வந்துடும், 50 வயசு தாண்டுனவங்க, ஏற்கனவே ஈரல் கெட்டுப்போனவங்க, இவங்கள்ல கொஞ்சம் பேருக்கு ஈரல் மொத்தமா செயலிழந்து உயிரே போயிடும். வந்துட்டா இதுக்குன்னு தனி மருந்து கிடையாது, உடம்பா பாத்து சரி பண்ணிக்கணும். ஒரு தடவ வந்து போயிட்டா திரும்ப வராது, ஹெபடைடிஸ் பி, சி மாதிரி வருஷக்கணக்குல உள்ளயே தங்கியும் கிடக்காது.

அமெரிக்காவுல நடந்தத பாத்தா இது எவ்ளோ பெரிய விஷயம்னு புரியும். அங்க 1995லயே ஊசி வந்துடுச்சு, 2006லருந்து எல்லா குழந்தைங்களுக்கும் போடச் சொல்லிட்டாங்க, நோயும் நல்லா குறைஞ்சுபோச்சு. ஆனா அதுலயே ஒரு சிக்கல் இருந்துச்சு, ஊருக்குள்ள நோய் இல்லாததால சின்ன வயசுல நோய் வந்து எதிர்ப்பு சக்தி கிடைக்கவும் வாய்ப்பில்ல, ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வளந்துட்டதால ஊசியும் கிடைக்கல, அப்படி நடுவுல மாட்டுன ஒரு தலைமுறையே இருந்துச்சு. அதுல வீடில்லாதவங்க, போதைப்பொருள் எடுத்துக்கறவங்க நடுவுல 2016ல தீ பத்திக்கிச்சு, 37 மாநிலத்துக்குப் பரவி கிட்டத்தட்ட 45,000 பேருக்கு வந்து, அதுல நூத்துக்கு 61 பேர் ஆஸ்பத்திரில சேர்ந்து, 400க்கு மேல செத்தும் போனாங்க. கலிஃபோர்னியாவுல சான் டியேகோ பக்கம் மட்டும் 592 பேருக்கு வந்துச்சு, 20 பேர் இறந்துட்டாங்க. கென்டக்கி மாநிலத்துல 5,000ஐத் தாண்டுச்சு.

சரி, மொத கேள்வி, ஒரு டோஸா ரெண்டு டோஸா.

பேக்கெட்டு மேல ரெண்டு டோஸ்னுதான் போட்டிருக்கும். ஹாவ்ரிக்ஸ், வாக்டான்னு ரெண்டு பிராண்டு ஊசி இருக்கு, ஹாவ்ரிக்ஸ்னா ரெண்டாவது 6லருந்து 12 மாசத்துக்குள்ள, வாக்டானா 6லருந்து 18 மாசத்துக்குள்ள. அத வச்சு "ரெண்டாவது டோஸுக்கு வர முடியாத ஆளுக்கு மொதல்ல எதுக்குப் போடணும், அரைகுறையா போயிடும்ல"ன்னு கேக்கறவங்க இருக்காங்க, கேக்க நியாயமாத்தான் தோணும். ஆனா இந்த ஊசி அப்படி வேலை செய்யல. ஆரோக்கியமான பெரியவங்களுக்கு மொத டோஸ் போட்டு ஒரு மாசத்துக்குள்ள நூத்துக்கு 94லருந்து 100 பேருக்கு காப்பாத்தற அளவு ஆன்டிபாடி, அதாவது வைரஸ எதிர்த்து உடம்பு செய்யற புரதம், வந்துடுது. ரெண்டாவது டோஸ் எதுக்குன்னா அந்தப் பாதுகாப்ப பல பத்து வருஷத்துக்கு நீட்டிக்கறதுக்கு. அர்ஜென்டினா 2005லருந்து குழந்தைங்களுக்கு ஒரே ஒரு டோஸ்தான் போடுது, நோய் அடியோட இறங்கி அப்படியே நிக்குது. உலக சுகாதார நிறுவனமும் 2022ல ஒரு டோஸ் திட்டத்துக்கு இடம் குடுத்துடுச்சு.

அதனால 1,000 ஊசி இருக்கு, 1,000 பேர் ஆபத்துல இருக்காங்கன்னா 500 பேருக்கு ரெண்டு ரெண்டுன்னு பத்திரமா எடுத்து வைக்கறது வீண் கணக்கு. 1,000 பேருக்கும் ஒண்ணொண்ணு போடணும். ரெண்டாவது டோஸ் 6 மாசம் கழிச்சுத்தானே, அதுக்குள்ள புது ஸ்டாக் வந்துடும். தேதி தள்ளிப்போனாலும் மொதல்லருந்து ஆரம்பிக்க வேண்டாம், ரெண்டு வருஷம் கழிச்சு ஆள் கிடைச்சா அப்ப ரெண்டாவத போட்டா போதும், ஆனா 6 மாசத்துக்கு முன்னாடி மட்டும் போட்டுடக் கூடாது. விதிவிலக்கு ஒண்ணு இருக்கு, எச்ஐவி இருந்து சிடி4ங்கற எதிர்ப்பு சக்தி செல்லு குறைவா இருக்கறவங்க, எதிர்ப்பு சக்திய அடக்கற மருந்து சாப்பிடறவங்க, இவங்களுக்கு ஒரு டோஸ் எடுபடாம போகலாம், அதனால இவங்கள விடாம ஃபாலோ பண்ணி ரெண்டாவதையும் போடணும், எச்ஐவி இருந்தா அதுக்கப்புறம் ஒரு மாசமாவது கழிச்சு ஆன்டிபாடி வந்திருக்கான்னு டெஸ்ட் பண்ணவும் சொல்றாங்க.

அடுத்தது, ஏற்கனவே எதிர்ப்பு சக்தி இருக்கான்னு ரத்தத்த டெஸ்ட் பண்ணிட்டு போடறதா, பண்ணாம போடறதா. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல, அவுட்பிரேக்குல டெஸ்ட்டுக்காக ஊசிய நிறுத்தி வைக்கக் கூடாது. ஏற்கனவே எதிர்ப்பு சக்தி இருக்கற ஆளுக்குப் போட்டா ஒரு ஊசி செலவு, ஒரு நாள் கை வலி, அவ்ளோதான், கெடுதல் ஒண்ணும் இல்ல. ஆனா "ரத்தம் குடுத்துட்டுப் போங்க, ரிசல்ட் வந்ததும் கூப்பிடறோம்"னு போன் இல்லாத, விலாசம் இல்லாத ஆளுகிட்ட சொல்லி அனுப்புனா அவர் திரும்பி வர்றது சந்தேகம்தான். நோய் ரொம்ப பரவலா இருந்த இடங்கள்ல வயசானவங்க முக்கால்வாசிப் பேருக்கு சின்ன வயசுலயே வந்து போயிருக்கும், அங்க சாதாரண நாள்ல டெஸ்ட் பண்றது காசு மிச்சம் பண்ணும், அத ஒத்துக்கறேன். அங்கயும் கூட ஒரே தடவைல ரத்தத்தையும் எடுத்து ஊசியையும் போட்டுட்டா ரெண்டு வேலையும் முடிஞ்சுது. "முன்னாடி போட்ட மாதிரி ஞாபகம், ஆனா கார்டு இல்ல"ன்னு சொல்றவங்களுக்கும் இதே பதில்தான், எழுத்துல எங்கயும் பதிவு இல்லன்னா போட்டுடுங்க.

எந்த ஊசிங்கறதுலதான் நெறைய பேர் குழம்புறாங்க. செயலிழந்த வைரஸ்ல செஞ்ச ஹெபடைடிஸ் ஏ தனி ஊசி ஒண்ணு, ஏ-யும் பி-யும் சேந்த ட்வின்ரிக்ஸ் ஒண்ணு, உயிரோட வலுவிழக்கச் செஞ்ச வைரஸ்ல ஒரே டோஸா போடறது ஒண்ணு. ட்வின்ரிக்ஸ் பேர கேட்டதும் ஆசையாத்தான் இருக்கும், போதை ஊசி போட்டுக்கறவங்களுக்கு பி-யும் ஆபத்துதானே, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. ஆனா கொஞ்சம் உள்ள போய் பாருங்க, பெரியவங்களுக்கான ஹாவ்ரிக்ஸ்ல 1,440 யூனிட் இருக்கு, ட்வின்ரிக்ஸ்ல ஏ-யோட பங்கு 720தான், சரிபாதி. அதோட கணக்கே 0, 1, 6 மாசம்னு மூணு டோஸ் முழுசா போடுவோம்னு நம்பித்தான் இருக்கு. 0, 7, 21லருந்து 30 நாள், அப்புறம் 12 மாசம்னு வேகமான கணக்கும் இருக்குன்னாலும் ஒரு வாரம் கழிச்சு அதே ஆள அதே எடத்துல புடிக்கணும். ஒரு தடவதான் பாக்கப் போறோம்ங்கற ஆளுக்கு அரை டோஸ் எதுக்கு? ஏற்கனவே நோயாளியோட பழகிட்டவங்களுக்கு அதுக்கப்புறம் போடற ஊசியாவும் ட்வின்ரிக்ஸ பரிந்துரைக்கறதில்ல. நான் என்ன சொல்வேன்னா தனி ஏ ஊசிய ஒரு கையில, தனி பி ஊசிய இன்னொரு கையில, ஒரே நேரத்துல போட்டுடலாம், பி-யில ஹெப்லிசாவ் மாதிரி ஒரு மாச இடைவெளில ரெண்டே டோஸ்ல முடியறதும் இருக்கு. ட்வின்ரிக்ஸ் மட்டும்தான் ஸ்டாக்குல இருக்குன்னா சும்மா விடறதுக்கு அத போடறது மேல், அது வேற விஷயம்.

உயிருள்ள வைரஸ் ஊசி சீனாவுல உருவானது, வேற சில நாட்டுலயும் புழங்குது, ஒரே டோஸ், தோலுக்கு அடியில. ஒரு டோஸ்லயே முடியுதேன்னு பாத்தா அவுட்பிரேக்குக்கு இதுதான் தோதுன்னு தோணும். ஆனா நாம தேடிப் போற ஆட்கள்ல எச்ஐவி இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க எல்லாம் கலந்துதான் இருப்பாங்க, உயிருள்ள ஊசிய இவங்களுக்குப் போடக் கூடாது, தெருவுல நின்னுகிட்டு அத ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டு பிரிச்செடுக்கவும் முடியாது. செயலிழந்த ஊசில இந்தத் தலைவலி இல்ல, கர்ப்பிணிக்கும் போடலாம்.

இப்ப நோயாளியோட ஏற்கனவே பழகிட்டவங்க. ஒரே வீட்ல இருந்தவங்க, உடலுறவு வச்சுகிட்டவங்க, ஒண்ணா போதைப்பொருள் எடுத்தவங்க. இவங்களுக்கு ஊசியா, இம்யூனோகுளோபுலினாங்கறது பழைய பஞ்சாயத்து. இம்யூனோகுளோபுலின்ங்கறது வேறொருத்தரோட ரத்தத்துலருந்து எடுத்த ரெடிமேட் ஆன்டிபாடி, போட்ட உடனே வேலை செய்யும், ஆனா தாக்கம் கொஞ்ச காலத்துக்குத்தான். ஊசி நம்ம உடம்பையே தயாரிக்க வைக்கும், வருஷக்கணக்கா நிக்கும். கசகஸ்தான்ல அல்மாட்டில இத நேருக்கு நேர் வச்சுப் பாத்தாங்க, 2லருந்து 40 வயசுக்குள்ள இருந்தவங்கள்ல ஊசி போட்டவங்கள்ல 4.4 சதவீதத்துக்கும் இம்யூனோகுளோபுலின் போட்டவங்கள்ல 3.3 சதவீதத்துக்கும் நோய் வந்துச்சு, 2007ல வெளியான ஆய்வு. வித்தியாசம் சின்னதுதான், அதுக்கப்புறம் ஆரோக்கியமானவங்களுக்கு ஊசிதான் மொதல்லன்னு ஆயிடுச்சு.

நடைமுறைல பாத்தாலும் அதுதான் சுலபம். இம்யூனோகுளோபுலின் அளவு எடைய வச்சு, கிலோவுக்கு 0.1 மில்லி. 70 கிலோ ஆளுக்கு 7 மில்லி ஆச்சு, ஒரே எடத்துல 5 மில்லிக்கு மேல ஏத்தக் கூடாதுங்கறதால ரெண்டு எடத்துல கெட்டியான மருந்த குத்தணும், வலி வேற, ஊசியோ வெறும் 1 மில்லி. ஆனா ஈரல் நோய் உள்ளவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு ஊசியோட இம்யூனோகுளோபுலினும் சேத்தே குடுக்கச் சொல்றாங்க, 40 தாண்டுனவங்களுக்கு டாக்டர் ஆபத்த பாத்து முடிவு பண்ணலாம். எது குடுத்தாலும் பழகி 14 நாளைக்குள்ள குடுத்தாகணும், அது தாண்டிட்டா கண் கெட்டதுக்கப்புறம் சூரிய நமஸ்காரம்தான். ஒண்ணு தெளிவா சொல்லணும், 14 நாள் தாண்டுன ஆளுக்கும் அடுத்த தடவ தொத்தாம இருக்க ஊசி போடலாம், போடணும், ஆனா ஏற்கனவே தொத்தியிருந்தா அத அது தடுக்கும்னு மட்டும் நம்பிடாதீங்க.

அப்போ நோயாளி ஒவ்வொருத்தரையும் புடிச்சு அவங்க யார் யாரோட பழகுனாங்கன்னு கேட்டு அந்த வட்டத்துக்கு மட்டும் போட்டா போதாதான்னு கேப்பாங்க. ஒரு ஹாஸ்டல்ல, ஒரு குடும்பத்துல மட்டும் வந்திருந்தா அது போதும், அழகா வேலை செய்யும். வீடில்லாதவங்க நடுவுல, போதை வட்டத்துல அது ஓடாது. வைரஸ் உள்ள போயி அறிகுறி வர 15லருந்து 50 நாள் ஆகும், சராசரி 28, மஞ்சக்காமாலை தெரியறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே மலத்துல வைரஸ் கொட்ட ஆரம்பிச்சிடும். ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்து, டெஸ்ட் எடுத்து, பேர் கேட்டு, "அவன எல்லாரும் ரெட்டுன்னுதான் கூப்பிடுவோம், நிஜப் பேர் தெரியாது"ன்னு பதில் வந்து, ரெட்டைத் தேடிப் போறதுக்குள்ள 14 நாள் கணக்கு எப்பவோ முடிஞ்சிருக்கும். அதனாலதான் வட்டம் போடறத விட அந்த மொத்த கூட்டத்துக்குமே போடறதுன்னு முடிவெடுக்கறாங்க.

எங்க வச்சு போடறதுங்கறதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாத்தையும் விட பெரிய கேள்வி, ஆனா மீட்டிங்ல இதுக்குத்தான் கடைசி அஞ்சு நிமிஷம் ஒதுக்குவாங்க. கிளினிக்ல கேம்ப் போட்டு போஸ்டர் ஒட்டுறது சுலபம், ஃப்ரிட்ஜ் அங்கயே இருக்கு, டாக்டர் அங்கயே இருக்கார். ஆனா வர்றது யாரு, செய்தி பாத்து பயந்துபோன, கை கழுவி சுத்தமா வீட்ல இருக்கற, ஆபத்தே இல்லாத ஆளுங்க. கணக்குல ஆயிரக்கணக்குல ஊசி போட்டதா வரும், நோய் அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். யார் உண்மையிலயே மாட்டிக்கப் போறாங்களோ அவங்க வீடில்லாதவங்க தங்கற ஷெல்டர்ல, பாலத்துக்கு அடியில, ஜெயில்ல, எமர்ஜென்சி வார்டுல, போதை ஊசி போட்டுக்கறவங்களுக்கு நோய் தொத்தாம இருக்க சுத்தமான சிரிஞ்ச் குடுக்கற எடத்துல இருக்காங்க.

இந்த நாலஞ்சு எடத்துக்குள்ள எது மேல்னு கேட்டா, எண்ணிக்கைல ஜெயிலும் எமர்ஜென்சி வார்டும் ஜெயிக்கும். ஜெயில்ல உள்ள சேக்கற அன்னிக்கே போட்டுடணும், ஏன்னா பல பேர் சில நாள்லயே வெளிய போயிடுவாங்க, "அடுத்த வாரம் மெடிக்கல் செக்கப்புல போட்டுக்கலாம்"னு விட்டா ஆள் இருக்க மாட்டார். எமர்ஜென்சில கால் புண்ணுக்கு வந்தவருக்கு கட்டு போடறப்பவே இதையும் போடலாம், கம்ப்யூட்டர்ல வீடில்லாதவர்னு பதிஞ்சதும் ஊசிய ஞாபகப்படுத்தற மாதிரி வச்சுட்டா பிஸியான நர்ஸும் மறக்க மாட்டாங்க. காத்துள்ளபோதே தூத்திக்கணும். ஆனா ஜெயிலுக்கும் போகாத, ஆஸ்பத்திரி பக்கமே எட்டிப் பாக்காத ஒரு கூட்டம் மிச்சம் இருக்கும், அவங்களுக்கு நடந்துதான் போகணும், சான் டியேகோவுல நர்ஸுங்க, தெருவ நல்லா தெரிஞ்ச அவுட்ரீச் ஆட்களோட நடந்தே போய் போட்டாங்க.

நடந்து போறதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. தோள்ல ஒரு கூல் பாக்ஸ், அதுக்குள்ள 2லருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும்னு ஒரு தெர்மாமீட்டர், ஐஸ் பேக் நேரா ஊசி மேல படாம நடுவுல ஒரு தடுப்பு, ஏன்னா இந்த ஊசி உறைஞ்சுபோனா தூக்கிப் போட வேண்டியதுதான். ஒருத்தர் போர்வைக்குள்ளருந்து தலைய நீட்டுவார், அவரோட ஏற்கனவே பழக்கமுள்ள ஆள் மொதல்ல பேசணும், நர்ஸ் பின்னாடிதான் வரணும். முன்னாடி ஏதாவது ஊசி போட்டு மூச்சுத் திணறல் வந்திருக்கா, இப்ப காய்ச்சல் கடுமையா இருக்கா, அவ்ளோதான் கேள்வி, சட்டைக்கைய மேல தூக்குனா தோள்பட்டைத் தசைல ஒரு குத்து. போட்டதும் எழுந்து நடந்துடாம ஒரு கால் மணி நேரம் உக்காரச் சொல்லணும், மயக்கம் வந்து விழுந்துடக் கூடாதுல்ல. ஒவ்வொருத்தருக்கும் டாக்டர் தனித்தனியா சீட்டு எழுதணும்னா இது நடக்காது, பொதுவா ஒரு உத்தரவு முன்னாடியே வாங்கி வச்சுட்டா நர்ஸே போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். ஒரு நாள் முழுக்க நடந்தாலும் எண்ணிக்கை குறைச்சலாத்தான் வரும், மேல உக்காந்திருக்கறவங்க "இவ்ளோதானா"ன்னு கேப்பாங்க, கேக்கட்டும், வேற எந்த வழிலயும் கிடைக்காத ஆளுங்க இவங்க.

இன்னொண்ணு, "நீங்க போதை ஊசி போடுவீங்களா, ஆண்களோட உறவு உண்டா"ன்னு வரிசைல நிக்க வச்சு கேட்டு அப்புறம் தகுதி பாக்கறது தேவையே இல்லாத வேலை. ஆபத்துள்ளவங்க நெறைய வர்ற எடம்னா வர்ற எல்லாருக்கும் போட்டுடலாம், காரணமே கேக்க வேண்டாம்னு அமெரிக்க வழிகாட்டுதலே சொல்லுது. கேட்டா பொய் சொல்வாங்க இல்லன்னா நழுவிடுவாங்க, ரெண்டுல எது நடந்தாலும் நமக்குத்தான் நஷ்டம்.

சாப்பாட்டு வேலை செய்யறவங்களுக்கு மொதல்ல போடணும்னு அவுட்பிரேக் வந்தாலே ஒரு சத்தம் கேக்கும், ஒரு ஓட்டல் ஊழியருக்கு வந்துட்டா டிவில ஓடும், மறுநாள் கூட்டம் அலைமோதும். அமெரிக்க அவுட்பிரேக்குல பாத்தா நோய் வந்த சாப்பாட்டு ஊழியர்கள்ல, சாப்பிட வந்தவங்களுக்கு பரப்புனது நூத்துல ஒருத்தருக்கும் குறைவு. அங்க ஆளுக்கு ஆள் நேரடியாத்தான் பரவுச்சு. ஊசி தாராளமா இருந்தா அவங்களுக்கும் போடுங்க, அதுல தப்பில்ல, ஆனா ஷெல்டருக்குப் போக வேண்டிய டோஸ எடுத்து அங்க செலவழிக்கறது பயத்துக்கு வைத்தியம் பாக்கற மாதிரிதான். தண்ணியாலயோ, ஒரே சமையலாலயோ பரவுன அவுட்பிரேக்னா கணக்கே வேற, அங்க மூலத்த அடைக்கறது மொத வேலை.

கை கழுவற வசதியா ஊசியான்னும் சில பேர் எதிரெதிரா நிறுத்துவாங்க. சான் டியேகோவுல ரெண்டையும்தான் செஞ்சாங்க, தெருவுல கை கழுவற தொட்டி வச்சாங்க, ப்ளீச் கலந்து நடைபாதைய கழுவுனாங்க, 2017 செப்டம்பர் 1ல அவசரநிலையும் அறிவிச்சாங்க. ஆல்கஹால் சானிடைசர் பாட்டில் குடுத்துட்டு கடமை முடிஞ்சுதுன்னு நினைக்கறதுதான் தப்பு, இந்த வைரஸுக்கு மேல கொழுப்பு உறை இல்லாததால சானிடைசர் சரியா வேலை செய்யாது, சோப்பும் தண்ணியும்தான் வேணும். கழிப்பறை இல்லாத எடத்துல கை கழுவுங்கன்னு அறிவுரை சொல்றது அநியாயம், அத கட்டிக் குடுக்க வாரக்கணக்கு ஆகும், ஊசிய இன்னிக்கே போடலாம்.

ரெண்டாவது டோஸ் விஷயத்துக்கு ஒரு ஏற்பாடு மட்டும் மொத நாளே பண்ணி வச்சுடணும். கார்டு குடுத்தா மழைல நனைஞ்சு போயிடும், பை திருடு போயிடும், அதனால கார்டும் குடுங்க, கூடவே பொது தடுப்பூசி பதிவுல அன்னிக்கு ராத்திரிக்குள்ள ஏத்திடுங்க, பேர், பிறந்த தேதி, எந்த ஊசி, எந்த லாட் நம்பர் (ஊசி தயாரான பேட்ச்சோட எண்), என்னிக்குப் போட்டதுன்னு. 6 மாசம் கழிச்சு அவர் வேற ஊர் ஜெயில்ல இருந்தாலும் வேற ஆஸ்பத்திரில படுத்திருந்தாலும் அங்க இருக்கற நர்ஸ் பேர தட்டுனதும் "மொத டோஸ் ஆச்சு, ரெண்டாவது பாக்கி"ன்னு ஸ்கிரீன்ல வரணும்.